உள்ளிருந்து போட்ட தாழ்ப்பாள்

1891ஆம் ஆண்டு, திருச்சுழியில் ஆரம்பப் படிப்பை முடித்த வேங்கடராமன் என்ற சிறுவன் மேற்கொண்டு படிக்கத் திண்டுக்கல்லுக்கு அனுப்பப்பட்டான். பதினோரு வயது, உறவினர் வீட்டில் தங்கல். ஒருநாள் வீட்டில் ஏதோ விசேஷம். இரவு எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். பையன் மட்டும் முன்னறையில் புத்தகத்தோடு இருந்தான். சற்று நேரத்தில் வாசற்கதவைத் தாழிட்டு, ஜன்னல்களையும் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டான். கோயிலிலிருந்து திரும்பியவர்கள் கத்தினார்கள், கதவை இடித்தார்கள், அவன் எழவில்லை. ஒருவழியாகக் கதவைத் திறந்து உள்ளே வந்து அடித்து உலுக்கினார்கள்; அப்போதும் எழவில்லை. நடந்தது எல்லாம் மறுநாள் மற்றவர்கள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். பின்னாளில் ரமண மகரிஷியான அவரே திருவண்ணாமலையில் அன்பர்களிடம் சொன்ன சம்பவம் இது.

அந்த உறக்கத்தைப் பிற்காலச் சமாதி நிலைக்கு முன்னறிகுறியாகப் படிப்பவர்கள் உண்டு. என் கவனம் போவது வேறொன்றின்மேல். கூட்டுக்குடும்பம் புழங்கிய வீட்டில், ஒரு விசேஷ நாளில், ஒரு பிள்ளைக்குச் சில மணிநேரம் தனியாகக் கிடைத்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையும் கூடவே கிடைத்திருக்கிறது. நம் வீடுகளில் இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். தனியாக இருப்பது ஒருவருடைய சுபாவத்தையோ மனவலிமையையோ பொறுத்தது என்றே பொதுவாக நினைக்கிறோம். ஆய்வுகளையும் திண்டுக்கல் வட்டாரத்து வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, தெம்பு தரும் தனிமை பெரும்பாலும் சுற்றியிருப்பவர்கள் ஏற்பாடு செய்து கொடுப்பது என்பதுதான். அப்படியானால், யாருக்கு அதைக் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுப்பதில்லை என்ற கேள்வியும் வந்துவிடுகிறது.

முதலில் ஆய்வுகள். 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் டிமோதி வில்சனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. ஆட்களை ஒரு வெற்று அறையில் 6 முதல் 15 நிமிடம் வரை தங்கள் எண்ணங்களோடு மட்டும் உட்காரச் சொன்னார்கள். பலருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு சோதனையில், அழுத்தினால் மின் அதிர்ச்சி தரும் பொத்தான் ஒன்றும் பக்கத்தில் இருந்தது. 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் அதை அழுத்தித் தங்களுக்குத் தாங்களே அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். மனிதர்களால் தனியாக இருக்கவே முடியாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பழக்கமில்லாத அறை, இன்னொருவர் போட்ட நிபந்தனை, கைக்கு வேலையில்லை, மனத்துக்குப் பிடிமானமில்லை. இத்தனை இல்லைகளுக்கு நடுவில் யாருக்குத்தான் இருப்புக்கொள்ளும்?

2018இல் தூய்வீ நுயென், ரிச்சர்ட் ரயன், எட்வர்ட் டெசி மூவரும் செய்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. 15 நிமிடத் தனிமைக்குப் பிறகு மனத்தின் கொதிப்பு இறங்குகிறது என்று கண்டார்கள். கோபம், பதற்றம் போன்றவை தணிகின்றன. குதூகலமும் சேர்ந்தே தணிகிறது. ஆக, தனிமை நேரடியாக மகிழ்ச்சி தருவதில்லை, வேகத்தைக் குறைக்கிறது. அந்த வேகக்குறைவு இளைப்பாறலாக மாறியது, தனிமையைத் தாமே விரும்பி எடுத்துக்கொண்டவர்களிடம்தான். 2023இல் நெட்டா வைன்ஸ்டீனும் குழுவினரும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலுமாக 178 பேரை 21 நாள் தொடர்ந்து கவனித்தார்கள். அதிக நேரம் தனியாக இருந்த நாட்களில் மன அழுத்தம் குறைந்திருந்தது. தன் விருப்பப்படி நடக்கிறோம் என்ற உணர்வு கூடியிருந்தது. அதே நாட்களில் தனித்துவிடப்பட்ட உணர்வும் சற்று ஏறியிருந்தது. தாமே தேர்ந்த தனிமை என்றால் அந்தப் பாதிப்பு தேய்ந்துபோனது. எத்தனை மணிநேரம் தனியாக இருந்தால் நல்லது என்று எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இவர்களுக்கெல்லாம் முன்பே, 1958இல், குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட், தனியாக இருக்கும் திறன் பற்றி ஒரு சிறிய கட்டுரை எழுதினார். அம்மா பக்கத்தில் இருக்கும்போது தன்பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைதான் பின்னாளில் தனியாக இருக்கக் கற்கிறது என்பது அவர் கண்டது. அவள் கூப்பிடுவதில்லை, குறுக்கே வருவதில்லை, ஆனால் இருக்கிறாள். தனிமைக்கான முதல் பாடமே இன்னொருவரின் முன்னிலையில்தான் நடக்கிறது என்ற இந்தக் கருத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பின்வந்த அளவீடுகள் பலவற்றுக்கும் அடியில் இதுதான் இருக்கிறது.

ரமணரின் கதையே இதற்குச் சாட்சி. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்த பதினாறு வயதுப் பையன் பேச்சை விட்டான், ஆயிரங்கால் மண்டபத்திலுள்ள பாதாளலிங்கக் குழிக்குள் போய் உட்கார்ந்தான். பூச்சி கடித்துத் தொடையெல்லாம் புண். வெளியில் சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். துறவியான சேஷாத்ரி சுவாமிகள் அந்தப் பையன்களை விரட்டிக் காவல் நின்றார். பிறகு சிலர் சேர்ந்து அவனை வெளியே தூக்கிவந்தார்கள். பின்னர் குருமூர்த்தம் என்ற இடத்தில் இருந்த காலத்தில் பழனிசுவாமி என்ற மலையாளத் துறவி வந்து சேர்ந்தார். அதுவரை பிள்ளையார் பூஜை செய்துகொண்டிருந்தவர், அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் இவரைப் பார்த்துக்கொள்வதையே பூஜையாக்கிக்கொண்டார். பிச்சை வாங்கிவருவதும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும் அவர் பொறுப்பு. மலையிலுள்ள விரூபாக்ஷ குகையிலும் கூடவே இருந்தார். 1916இல் அம்மா அழகம்மாள் நிரந்தரமாக வந்து தங்கியபின் மலைமேல் அடுப்பு எரியத் தொடங்கியது. தமிழ்நாடே அறிந்த மௌனத்தைச் சுற்றிக் காவலுக்கு ஒருவர், சோற்றுக்கு ஒருவர், சமையலுக்கு ஒருவர் இருந்திருக்கிறார்கள். இதனால் அவர் தவத்தின் பெருமை குறைவதில்லை. தவத்தைத் தாங்கியவர்களின் பெருமை கூடுகிறது.

இந்த ஏற்பாட்டை ஒரு நியமமாகவே நடத்தும் இடங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் சமவெளியிலும் உண்டு, மலையிலும் உண்டு. திண்டுக்கல் பெஸ்கி கல்லூரி இயேசு சபையினரின் நவதுறவகம். சபையில் சேரும் இளைஞர்கள் இக்னேஷியஸ் லொயோலா வகுத்த ஆன்மிகப் பயிற்சிகளை முப்பது நாள் மௌனத்தில் செய்கிறார்கள். மன்ரேசா என்ற ஊரில் 1522இல் அவர் தனியே கழித்த மாதங்களில் விளைந்த முறை அது. முப்பது நாளை நான்கு ‘வாரங்களாக’ப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொரு வாரத்துக்கும் தியானிக்க வேண்டிய பொருள் தனி. நடுநடுவே ஓய்வுநாள் வரும். தினமும் ஒரு வழிகாட்டி வந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொள்வார். கொதிப்பு எப்போது ஏறும், சோர்வு எந்தக் கட்டத்தில் வரும், அப்போது என்ன செய்யலாம் என்பதற்கெல்லாம் ஐந்நூறு ஆண்டு அனுபவம் சேர்ந்திருக்கிறது. அந்த வெற்று அறையில் உட்கார்ந்தவர்களுக்கு இப்படி ஒன்றுமே இல்லை.

மலையில், கொடைக்கானல் பாதையில் பெருமாள்மலை. அங்கே 1996இல் தொடங்கப்பட்டது போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையம். அதை நிறுவிய ஆமா சாமி பர்மாவில் பிறந்த தமிழர், இயேசு சபைக் குரு. ரமணரிடம் ஈர்ப்புக் கொண்டவர். ஜப்பானின் காமகுராவில் யமதா கோவுன் ரோஷியிடம் ஜென் பயின்று, கற்பிக்கும் அனுமதியும் பெற்றார். ரமணர், இக்னேஷியஸ், ஜென் என மூன்று மரபுகள் ஒரே மனிதரிடம் வந்து கூடியது இந்த மாவட்டத்தில்தான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அங்கே தியானக் கூடத்தில் எல்லோரும் ஒன்றாக உட்காருகிறார்கள், யாரும் யாரோடும் பேசுவதில்லை. உட்காருவதற்கு ஓர் அளவு உண்டு. மணி அடித்தால் எழுந்து மெதுவாக நடப்பார்கள், பிறகு மறுபடி உட்காருவார்கள். தோட்டவேலை, துப்புரவு என்று உடல் உழைப்பும் பயிற்சியில் சேர்த்தி. பக்கத்தில் ஆள் இருக்கிறார்; ஆனால் அவருக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. வினிகாட் குழந்தையிடம் கண்டதை வளர்ந்தவர்களுக்கு அமைத்துக்கொடுத்ததுபோல் இருக்கிறது அந்தக் கூடம்.

நவதுறவகமும் ஜென்டோவும் எத்தனை பேருக்கு எட்டும்? சாதாரண வீடுகளுக்கு வருவோம். தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் இருக்கிற அகரம், பேரூராட்சி. ஐப்பசியில் முத்தாலம்மன் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே திரளும் ஊர். மற்ற மாதங்களில் விவசாயம், மில் வேலை, திண்டுக்கல்லுக்குப் போய்வரும் பிழைப்பு. இங்கே தியானம் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் கார்த்திகை பிறந்தால் தெருவுக்குச் சிலராவது மாலை போட்டுவிடுகிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் வேறு. மாலை போட்டவருக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்று கூர்ந்து பார்க்க வேண்டும். பெயர் மாறுகிறது, பெற்ற தாயே ‘சாமி’ என்று கூப்பிடுகிறாள். படுக்கத் தனிப்பாய், குடிக்கத் தனி டம்ளர். விடியுமுன் குளித்துச் சரணம் சொல்லி முடிக்கும்வரை யாரும் கிட்டே போய்க் கடன் பாக்கியைப் பற்றிப் பேசுவதில்லை. கோபமாக ஒரு வார்த்தை வந்துவிட்டால் ‘சாமி, மாலை போட்டிருக்கீங்க’ என்று நினைவுபடுத்துவார்கள். விடியற்காலையிலேயே மனைவி எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு தனியாகச் சமைக்கிறாள். 41 நாளோ ஒரு மண்டலமோ முடிந்ததும் மாலையைக் கழற்றிவிட்டு அவர் பழையபடி வேலைக்குப் போகிறார்.

பக்தி என்ற ஒரு சொல்லோடு இதை முடித்துவிட முடியாது. பக்தி இருக்கிறது, அது மெய்யானது. அதோடு சேர்த்து ஓர் அரிய சமூக ஏற்பாடும் இருக்கிறது. தானே எடுத்த முடிவு. தொடங்கும் நாளும் முடியும் நாளும் எல்லோருக்கும் தெரியும். உடலுக்கு ஒழுங்கு, வாய்க்கு ஒரு மந்திரம், பார்த்தவுடன் தெரிகிற உடை. சுற்றியிருப்பவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து அந்த மனிதரைச் சுற்றி ஒரு வேலி போடுகிறார்கள். பழனிப் பாதையாத்திரையும் அப்படியே. திண்டுக்கல்லிலிருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர். முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் நடக்கிறார்கள். ஒட்டன்சத்திரத்தை நெருங்கும்போது பேச்சு தானாக அடங்கி, அவரவர் கால்வலியோடும் வேண்டுதலோடும் அவரவர் தனி. மோர்ப்பந்தல்காரர் டம்ளரை நீட்டுவார், எந்த ஊர் என்றுகூடக் கேட்கமாட்டார்.

காந்தியின் திங்கட்கிழமை மௌனமும் இதே வேலிதான். ஊர் உலகம் அறிந்த கிழமை அது. 1947 ஜூன் 2 ஒரு திங்கட்கிழமை. தேசப் பிரிவினைத் திட்டத்தை வைத்துக்கொண்டு மவுண்ட்பேட்டன் காந்தியைச் சந்தித்தபோது, காந்தி பழைய உறைகளின் பின்புறத்தில் பென்சிலால் பதில் எழுதிக்காட்டினார். வைஸ்ராயும் அந்த நாளுக்குக் கட்டுப்பட்டார்.

ஆனால் இந்த ஏற்பாடு ஒரு பாதிப் பேருக்குத்தான் வாய்த்திருக்கிறது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு செய்தியைச் சொல்கிறது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் கொடுக்கிறார்கள். அந்த வேலையில் ஈடுபடும் ஆண்கள் கொடுப்பது 88 நிமிடம். நிமிடக் கணக்கில் பிடிபடாத ஒன்றும் உண்டு. அந்த 289 நிமிடமும் ஒரே மூச்சில் வருவதில்லை. அரிசி கொதிக்கும்போது பிள்ளை கூப்பிடும், பிள்ளையைக் கவனிக்கும்போது மாமியாருக்கு மாத்திரை, அதற்குள் தண்ணீர் வந்துவிடும். மீதி நேரம் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. ஒரு துண்டும் 15 நிமிடம் நீளாது.

பெண்களுக்குத் தனிமையே கொடுக்கப்பட்டதில்லை என்றும் சொல்ல முடியாது. கேட்காமலே கொடுத்தார்கள். மதுரை மாவட்டத்துக் கூவலாபுரத்தில் முட்டுத்துறை என்ற தனிக்கட்டடம் இருக்கிறது. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் அங்கே போய்த் தங்க வேண்டும். சாப்பாடு வீட்டிலிருந்து வரும். அவர்கள் புழங்கும் பாத்திரங்கள் பையில் கட்டி வேப்பமரத்தில் தொங்கும். அந்த மூன்று நாள்தான் எங்களுக்கு ஓய்வு என்று பழைய தலைமுறைப் பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், வேறு ஊர்களிலும். அந்த வார்த்தையை வைத்து வழக்கத்தை நியாயப்படுத்துகிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். விலக்கி வைக்கப்பட்டால்தான் ஓய்வு என்ற நிலை அந்தப் பெண்களின் மற்ற நாட்களைப் பற்றித்தான் சாட்சி சொல்கிறது. முட்டுத்துறைக்குள் இருப்பவளும் மாலை போட்டவரும் வீட்டிலிருந்து விலகித்தான் இருக்கிறார்கள். இருவருக்கும் தனிப் பாத்திரம், தனிப் படுக்கை. அவர் விலகலுக்குப் பெயர் புனிதம், அவளுடையதற்குத் தீட்டு. கதவை யார் சாத்தினார்கள் என்பதில் எல்லாமே மாறிவிடுகிறது. மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை உடுத்து, இருமுடி கட்டிப் போகும் பெண்களின் கூட்டம் இத்தனை பெரிதாக வளர்ந்ததற்கு ஒரு காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். மாதத்தின் எந்த நாளிலும் பெண்கள் கருவறைவரை போய்த் தாங்களே வழிபடலாம் என்று அந்தக் கோயிலின் ஆன்மிகத் தலைவராக இருந்த பங்காரு அடிகளார் வகுத்தார். விரதமிருக்கும் நாட்களில் அவர்களும் ‘சக்தி’ ஆகிறார்கள். வீடும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுகிறது.

வீட்டில் கிடைக்காததைப் பெண்கள் வெளியில் தேடிக்கொள்கிறார்கள். அகரத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் திண்டுக்கல்லுக்கு டவுன் பஸ்ஸில் போய்வருவார். 2021 மே மாதம் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்ததிலிருந்து இது கூடியிருக்கிறது. காய் வாங்க, ரேஷன் கார்டு விஷயம் என்று ஏதாவது காரணம் இருக்கும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, செல்போனைப் பைக்குள் போட்டுவிடுவார். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை கண்ணில் படும்வரை ஒன்றும் செய்வதில்லை. கேட்டதற்கு அவர் சொன்னது: “வீட்ல சும்மா உக்காந்தா, ஏன், ஒடம்புக்கு முடியலையான்னு கேப்பாக. பஸ்ல உக்காந்தா யாரும் கேக்க மாட்டாக.” கட்டணமில்லாப் பயணத்தால் மிச்சமாகும் பணத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அதில் கிடைக்கும் அரைமணி நேரத்தைப் பற்றி இன்னும் பேசவில்லை.

மும்பையை வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற 2011ஆம் ஆண்டுப் புத்தகம், பொது இடத்தில் ஒரு பெண் நிற்பதற்கு எப்போதும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது என்று நிறுவியது. மும்பைக்கே அந்தக் கதி என்றால் அகரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. டீக்கடை பெஞ்சு, ஆலமரத்தடி, சாவடித் திண்ணை எல்லாம் ஆண்கள் காரணமில்லாமல் உட்கார்ந்திருக்கும் இடங்கள். பெண்ணுக்கு மிஞ்சுவது கோயில் பிராகாரம். குடகனாற்றங்கரையில் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. தேய்பிறை அஷ்டமியன்று பைரவர் சன்னதியில் நிற்க இடம் இருக்காது. கூட்டமில்லாத ஒரு வாரநாள் காலையில் போனால், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். தரிசனம் முடிந்திருக்கும், விளக்கும் ஏற்றியாயிற்று. கையில் பிரசாதத் துளசி. சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அர்ச்சகர் எழுந்திருக்கச் சொல்லமாட்டார், போகிறவர் வருகிறவர் கேள்வி கேட்கமாட்டார். நடை சாத்தும் நேரம் வந்தால் தாமாகவே எழுந்து போவார்கள்.

இதே ஊர்களில் வேறொரு கூட்டமும் தனியாக உட்கார்ந்திருக்கிறது. திருப்பூருக்கும் கோவைக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வாரம் ஒருமுறை வரும் போனுக்குக் காத்திருக்கும் கிழவனும் கிழவியும். அவர்களிடம் போய்த் தனிமையின் நன்மை பேசுவது கொடுமை. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனித்துவிடப்பட்ட உணர்வோடு இருப்பதாகவும் ஆண்டுக்கு 8,71,000 மரணங்கள் அதோடு தொடர்புடையவை என்றும் மதிப்பிட்டது. முதியவருக்கு வேண்டியது வாசலில் ஒரு குரல். நடுவயதுப் பெண்ணுக்கு வேண்டியது சாத்திய ஒரு கதவு. ஒரே தெருவில் ஒருவருக்கு மிஞ்சிக் கிடப்பது இன்னொருவருக்கு எட்டுவதில்லை. பொழுது சாய்ந்தபின் பிள்ளைகளைப் பக்கத்துவீட்டுப் பாட்டியிடம் விட்டு வைத்த காலத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்துகொண்டன. இப்போது பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது, பாட்டியிடம் போவதில்லை. அம்மாவைக் கூப்பிடுவது மட்டும் குறையவில்லை.

பெண்ணுக்கு இந்தத் தனிமையைக் கொடுக்க ஒரு வீடு நினைத்தால் எதிலிருந்து தொடங்கலாம்? ஆய்வும் சரி, மாலை போடும் வழக்கமும் சரி, கூட்டிப் பார்த்தால் ஒரே திசையைக் காட்டுகின்றன. முதல் வேலை நேரத்தைச் சொல்லி வைப்பது. கிடைத்தபோது உட்கார்ந்துகொள்ளலாம் என்று விட்டால் அது கிடைக்காது. நாள்தோறும் ஒரே நேரம், 15 நிமிடமே போதும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், எப்போது முடியும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கைக்கு ஏதாவது இருந்தால் நல்லது. நிலக்கோட்டை மல்லிகை வரும் இந்தப் பக்கத்தில் பூக்கட்டுவது பல பெண்களுக்குக் கூலி வேலை. நாரைச் சுற்றி முடிச்சுப்போடும் அந்தத் தாளம் மனத்துக்கு எவ்வளவு பிடிமானம் என்பதைக் கட்டுகிறவர்கள் அறிவார்கள். கணக்கில்லாமல் தனக்கென்று ஒரு முழம் கட்டும்போதுதான் அது தெரியும். போனை வேறு அறையில் வைக்க வேண்டும். தனியாக இருக்கும்போதும் நம்மைப் பதில் சொல்ல வைப்பது அது. முதல் சில நாள் மனம் பழைய சண்டைகளைத்தான் கொண்டுவந்து போடும். முப்பது நாள் மௌனத்தில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான். அவர்களுக்கு ஒரு வழிகாட்டி இருக்கிறார். நமக்குத் தோழி ஒருத்தியோ அண்ணியோ இருந்தால் போதும், வாரத்துக்கொரு தடவை சொல்லி ஆற்றிக்கொள்ள. துக்கம் கனத்துக்கிடக்கும் நாட்களில் தனியாக உட்கார வேண்டாம். அப்போது ஆள் துணைதான் மருந்து.

இவ்வளவையும் ஒரு பெண் தனியாளாகச் செய்துவிட முடியாது. பேரூராட்சி நினைத்தால் நூலகத்தில் பெண்களுக்கென்று ஒரு மேசையும் மின்விசிறியும் மாலை இரண்டு மணிநேரமும் ஒதுக்கலாம். புத்தகம் எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல். வீட்டில், கார்த்திகை முழுவதும் விடியுமுன் எழுந்து ‘சாமி’க்குச் சமைத்துப்போட்டவள் மனைவி. மாலையைக் கழற்றிய மறுநாளிலிருந்து, சாயங்காலம் ஆறு முதல் ஆறரை வரை, அந்தச் ‘சாமி’ அடுப்பையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம். ‘அம்மா எங்கே’ என்று கேட்கும் பிள்ளையிடம், ‘ஆறரைக்கு வருவாங்க, அதுவரைக்கும் என்கிட்ட கேளு’ என்று அவர் சொல்லலாம்.